மறுமொழி: கர்மா – வினையா, கன்மமா, ஊழா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சமய ஒப்பியல் சொற்பட்டியலில் "கர்மா"வுக்கு என்ன போடுவது என்று இழை நீண்டுகொண்டே போகிறது. பரிந்துரைகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் எந்தப் பொருளுக்குச் சொல் தேடுகிறோம் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. வரைவில் இப்போது இருப்பது இது:

> கர்மா – முற்பிறவியில் செய்த நன்மை தீமைகளுக்கு ஏற்பக் கடவுள் இப்பிறவியில் தரும் பலன். ஊழ்வினை, விதி, தலையெழுத்து.

வீட்டுப் பேச்சுக்கு இது போதும். கலைச்சொல்லுக்குப் போதாது. சமணர் ஒருவர் படித்தால் "கடவுள்" என்ற இடத்திலேயே நின்றுவிடுவார். பௌத்தர் "பலன்" என்ற இடத்தில் தகராறு செய்வார். சைவ சித்தாந்தி "முற்பிறவி மட்டும்தானா, இப்போது செய்வது எங்கே போகும்?" என்பார். எல்லாம் விதிப்படியே நடக்கும் என்ற பழைய ஆசீவக சமயத்தார் யாராவது இன்று இருந்தால் அவர் ஒருவர்தான் "விதி"யைப் பார்த்து மகிழ்வார். அவர் கொள்கையோ வினைக்குப் பயன் உண்டு என்பதையே மறுத்தது.

கர்மன் என்ற வடசொல்லுக்கு அடிப்படைப் பொருள் செயல், அவ்வளவுதான். வேதச் சடங்கு நூல்களில் அது பெரும்பாலும் வேள்விச் செயலைக் குறிக்கும். பிருகதாரண்யக உபநிடதத்தில் ஓர் இடம் உண்டு. ஒருவன் இறந்தால் பேச்சு நெருப்புக்கும் மூச்சு காற்றுக்கும் கண் சூரியனுக்கும் போய்விடுகிறது, அப்போது அந்த ஆள் எங்கே இருக்கிறான் என்று ஆர்த்தபாகர் கேட்கிறார். இதைச் சபையில் பேச வேண்டாம் என்று யாக்ஞவல்கியர் அவர் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போகிறார். அங்கே அவர்கள் பேசியது கர்மத்தைப் பற்றி. நல்ல செயலால் நல்லவனாகிறான், தீய செயலால் தீயவனாகிறான் என்பது முடிவு. அந்த விடையில் தீர்ப்புச் சொல்லும் கடவுள் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வேள்வி இன்றைக்கே முடிந்துவிடுகிறது, சுவர்க்கம் கிடைப்பதோ இறந்த பிறகு. நடுவில் எது நிற்கிறது? அதற்கு அவர்கள் வைத்த பெயர் அபூர்வம். செயலுக்கு முன் இல்லாமல் செயலால் உண்டாகிப் பயன் தரும்வரை நிற்கும் ஆற்றல். பயனைப் பகிர்ந்து கொடுக்க ஈசுவரன் தேவை என்று அவர்கள் கருதவில்லை. வேதத்தை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவர்களே கர்மக் கணக்கில் கடவுளுக்கு வேலை வைக்கவில்லை! (அபூர்வம் என்பதை அப்படியே பட்டியலில் போட்டால் "அரிதானது" என்றுதான் தமிழ் வாசகர் படிப்பார். அதற்கும் சொல் வேண்டும், பின்னால் வருகிறேன்.)

சமணத்தில் கர்மம் ஒரு பொருள். உருவகமாகச் சொல்லவில்லை, மெய்யாகவே நுண்ணிய புற்கலம், அதாவது சடப்பொருள். உயிர் மனம், மொழி, மெய்யால் இயங்கும்போது அது உள்ளே வந்து ஆசையும் வெறுப்பும் உள்ள இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஞானாவரணீயம் தொடங்கி அந்தராயம் வரை எட்டு வகை. அது உள்ளே வருவதற்கும், வருவதை அடைப்பதற்கும், ஒட்டியது கழல்வதற்கும் தமிழ்ச் சமணர்கள் வைத்த பெயர்கள் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு. ஆசிரவம், சம்வரம், நிர்ச்சரை என்று எழுதி மூச்சு வாங்குவதற்கு இவை எவ்வளவோ மேல். இந்த மூன்றும் நம் பட்டியலில் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். புதிதாக ஆக்குவதற்கு முன் இருப்பதை எடுத்துக்கொள்ளலாமே.

பௌத்தத்தில் கதை வேறு. அங்குத்தர நிகாயத்தில் புத்தர் நேரடியாகவே சொல்கிறார்: சேதனையைத்தான் (உள்நோக்கத்தைத்தான்) நான் கம்மம் (கர்மா) என்கிறேன், எண்ணித்தான் ஒருவன் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்கிறான். அறியாமல் காலில் மிதிபட்ட எறும்பு சமணக் கணக்கில் வரும், பௌத்தக் கணக்கில் அதே எடையோடு வராது. சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற துறவியிடம் பேசும்போது, மனிதன் படும் இன்ப துன்பம் எல்லாமே முன்வினைதான் என்பவர்கள் தாம் அறிந்ததைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்கிறார். பித்தம், சளி, வாயு, பருவ மாற்றம், தாக்குதல் என்று வேறு காரணங்களை அடுக்கிவிட்டு, வினையின் விளைவை அவற்றில் ஒன்றாகத்தான் வைக்கிறார். நோயாளியைப் பார்த்து "எல்லாம் உன் கர்மா" என்பவர்களுக்கு இந்த ஒரு சூத்திரத்தை அனுப்பி வைக்கலாம்.

சைவ சித்தாந்தம் மூன்றாவது வழி. உயிரைப் பிணிக்கும் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலத்தில் கன்மம் ஒன்று. அது சடம். யார் செய்தது, யாருக்குப் போக வேண்டும் என்று அதற்குத் தெரியாது. உயிருக்கும் தானே தேடி எடுத்துக்கொள்ளும் அறிவு இல்லை; எடுத்துக்கொள்ள முடிந்தாலும் தீவினைப் பயனை யார் விரும்பி எடுப்பார்? ஆகவே சேர்த்துவைக்கும் இறைவன் வேண்டும். வரைவில் உள்ள "கடவுள் தரும் பலன்" இந்த வாதத்திலிருந்துதான் வருகிறது. நியாயம் என்ற தருக்க மரபினர், வேதாந்திகள் பலரும் இதே பக்கம்தான். சரியான கொள்கைதான், ஆனால் ஒரு பக்கத்தின் கொள்கை. சீக்கியத்தில் இன்னும் ஒரு திருப்பம்: உடல் என்ற ஆடை வினையால் வருகிறது, வீட்டின் வாயில் அருட்பார்வையால் திறக்கிறது என்கிறது அவர்களின் ஜப்ஜி என்ற பாடல். உலகாயதரான சாருவாகர் முழுவதையும் மறுத்தார்கள்.

"மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்ற விவிலிய வசனத்தைக் காட்டி, எல்லாச் சமயத்திலும் கர்மா உண்டு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். செயலுக்குப் பயன் உண்டு என்ற எண்ணம் எங்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பல பிறவிகளில் தொடரும் ஓட்டம் அங்கே இல்லை. ஒரே வாழ்வு, அதன்மேல் இறைவனின் தீர்ப்பு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் ஒப்பியல் செய்ய எதுவும் மிஞ்சாது.

அப்புறம் சொற்கள்.

கருமம், கன்மம், கர்மா மூன்றும் ஒரே சொல்லின் மூன்று உருவங்கள். "தத்தம் கருமமே கட்டளைக்கல்" என்னும்போது வள்ளுவர் சொல்வது வெறும் செயல். இன்றைக்குக் கருமம் என்றால் ஈமச்சடங்கு, இல்லையென்றால் முகம் சுளித்து வெளியிடும் ஒரு சத்தம். அதைக் கலைச்சொல்லாக மீட்பது நடக்காத காரியம். கன்மம் சித்தாந்த நூல்களுக்கே உரியதாகிவிட்டது, அங்கேயே இருக்கட்டும். "கர்மவினை" என்று ஒருவர் பரிந்துரைத்தார். அது "நடுசென்டர்" மாதிரி, ஒரே பொருள் இரண்டு முறை.

வினைதான் இயல்பான சொல். இதற்கு வந்த எதிர்ப்பு நியாயமானது: வினை என்று தொடங்கினாலே இலக்கணக்காரர் முன்னாலேயே துண்டு போட்டு வைத்திருக்கிறார். வினை மிஞ்சி நிற்பதை வினையெச்சம் என்று சொல்ல முடியாது. சேர்ந்து கிடக்கும் சஞ்சிதத்தை வினைத்தொகை என்று சொல்ல முடியாது. செய்வினை என்றால் இலக்கணம் படித்தவர் செயப்பாட்டுவினையைத் தேடுவார், மற்றவர் மந்திரவாதியைத் தேடுவார். எதிர்வினையும் வினையூக்கியும் வேதியியலாரிடம் போய்விட்டன. இருந்தாலும் தனி "வினை"யைப் பொறுத்தவரை குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். வள்ளுவரே வினைத்திட்பம், வினைத்தூய்மை என்று காரியத்துக்கும், "இருள்சேர் இருவினை" என்று பிறவிப் பிணைப்புக்கும் ஒரே சொல்லை ஆள்கிறார். இடம் பார்த்து நமக்குப் புரியாமலா போகிறது? "இருவினை" என்ற அந்தச் சொல்லில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நல்வினையும் பிணைப்புத்தான். கர்மா என்றால் தீவினைக்குத் தண்டனை என்ற திரைப்பட வசனப் பொருள் இதில் அடிபட்டுப் போகும்.

ஊழை வினைக்கு மாற்றுச்சொல்லாக வைக்கக் கூடாது என்பதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஊழ்த்தல் என்றால் முதிர்தல், மலர்தல். "இணர்ஊழ்த்தும் நாறா மலர்" என்பது குறள். பாலியிலும் வடமொழியிலும் வினையின் பயனுக்கு விபாகம் என்று பெயர். அதற்கும் பொருள் பக்குவமாதல், பழுத்தல். இவ்வளவு அச்சாகப் பொருந்தும் சொல் கையில் இருக்கும்போது அதை விதியோடும் தலையெழுத்தோடும் ஒரே மூட்டையில் ஏன் கட்ட வேண்டும்? சிலப்பதிகாரப் பதிகத்தின் "ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்" என்பதில் ஊழ்வினையை வினைத்தொகையாகவே படிக்கலாம்: ஊழ்த்த வினை, ஊழ்க்கின்ற வினை, ஊழ்க்கும் வினை. முக்காலமும் ஒரு சொல்லுக்குள். அங்கே கதையும் அப்படித்தான். முற்பிறப்பில் பரதனாக இருந்த கோவலன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்தான், அது மதுரையில் முதிர்ந்து வந்தது. (சங்கமன் மனைவி நீலி இட்ட சாபம் அதில் எவ்வளவு, வினை எவ்வளவு என்று ஒரு தனி இழையே போடலாம். இப்போது வேண்டாம்.)

இதற்குக் குறள் உரையாசிரியர் பரிமேலழகரைக் காட்டி வந்த மறுப்பு வலுவானது. ஊழ் அதிகாரத்தில் அவர் ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி எல்லாம் ஒருபொருட்கிளவி என்கிறார். ஆனால் அதே இடத்தில் ஊழை அவர் எப்படி விளக்குகிறார் என்றும் பாருங்கள்: இருவினைப்பயன் செய்தவனையே சென்றடைதற்கு ஏதுவாகிய நியதி. "செய்தவனையே" என்ற சொல்தான் உயிர். ஆசீவகரின் நியதியில் செய்தவன் என்று ஒருவனுக்கு வேலையே இல்லை, அவர்களின் தலைவர் மற்கலியின் கொள்கைப்படி எல்லாம் முன்பே அளந்து வைத்தது. பரிமேலழகர் உரையாசிரியர், ஒருபொருளாகக் கொள்ள அவருக்கு இடம் இருந்தது. நாம் பல சமயங்களை வரிசையாக வைத்து ஒப்பிடப் போகிறோம். நமக்குப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே நியதிக் கொள்கைக்கு விதி அல்லது நியதி, விபாகத்துக்கு ஊழ். தலையெழுத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

மிச்சம் இருப்பது நடுவில் நிற்கும் பொருள். செயல் முடிந்துவிட்டது, பயன் வரவில்லை, இடையில் என்ன இருக்கிறது? மீமாம்சகரின் அபூர்வம், நியாயத்தாரின் அதிருட்டம் (கண்ணுக்குத் தெரியாதது), சமணரின் கன்மப் புற்கலம், சித்தாந்தியின் சஞ்சிதம். இந்த நாலுக்கும் பொதுவான ஒரு குடைச்சொல் இல்லாமல் ஒப்பியல் கட்டுரை எழுத முடியவில்லை. வந்த பரிந்துரைகளில் "வினைப்படிவு" சமணத்துக்கு மட்டும் பொருந்துகிறது. "வினைநிலுவை" எனக்கு முதலில் பிடித்திருந்தது, ஆனால் நிலுவை என்றால் எதிரில் வசூலிப்பவர் ஒருவர் வந்துவிடுகிறார், சித்தாந்தத்தின் பக்கம் சாய்கிறது. "வினைத்தொடுப்பு" வேண்டாம், தொடுப்புக்குப் பேச்சுவழக்கில் இருக்கும் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

என் பரிந்துரை "வினையிருப்பு". இருப்பது பருப்பொருளா, ஆற்றலா, குணமா என்று அது சொல்லவில்லை. நல்லதும் இருப்பில் இருக்கலாம், கெட்டதும் இருக்கலாம். கணக்கர் ஒருவர் உண்டா இல்லையா என்பதையும் அது தொடவில்லை. அபூர்வத்தை "வேள்வியால் உண்டாகும் வினையிருப்பு" என்று விளக்கினால் "அரிது" என்ற குழப்பமும் வராது.

இதற்கு ஒரு தடை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். மிலிந்த பஞ்ஞா என்ற பௌத்த உரையாடல் நூலில் மன்னர் மிலிந்தர் "அந்த வினைகள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்கும்போது, இன்னும் காய்க்காத மரத்தின் கனிகளை இங்கே இருக்கின்றன, அங்கே இருக்கின்றன என்று காட்ட முடியுமா என்று பௌத்தத் துறவி நாகசேனர் திருப்பிக் கேட்கிறார். தேரவாதப் பௌத்தத்துக்கு "இருப்பு" ஒத்துவராது. யோகாசாரம் என்ற மகாயானப் பிரிவின் ஆலய விஞ்ஞானத்துக்கு (சேமிப்பு அறிவுக்கு) ஒத்துவரும், அங்கே வித்துகள் சேமிப்பில்தான் கிடக்கின்றன. தேரவாதப் பகுதியில் வினையிருப்பைத் தவிர்த்து, "வினை" "ஊழ்" இரண்டை மட்டும் ஆளலாம் என்று குறிப்புப் போட்டால் போதும் என்பது என் கருத்து. எல்லாச் சமயத்துக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க முயன்றதால்தான் பழைய வரைவு கெட்டது.

சித்தாந்தத்தின் மூன்று வினை வகைகளையும் அவர்கள் வழக்கிலேயே விட்டுவிடலாம்: சஞ்சிதத்துக்குத் தொல்வினை, பிராரத்தத்துக்கு நுகர்வினை, ஆகாமியத்துக்கு ஏறுவினை. இருவினையொப்பு (நல்வினை, தீவினை இரண்டையும் ஒப்பக் கொள்ளும் நிலை) அப்படியே நிற்கட்டும், அதற்கு மேல் ஒரு சொல் ஆக்க என்னால் ஆகாது.

மாற்று வரைவு:

வினை – செய்தவரைப் பயனோடு பிணைக்கும் செயல். மனம், மொழி, மெய் மூன்றாலும் நிகழ்வது. நல்வினை, தீவினை இரண்டும் அடங்கும். பயனைக் கூட்டுவிப்பவர் உண்டா, எண்ணமில்லாச் செயலும் வினையாகுமா என்பவை சமயத்துக்குச் சமயம் மாறும். காண்க: ஊழ், வினையிருப்பு, நியதி.

"கர்மா" என்ற வடிவத்தையும் தேடுசொல்லாக வைத்து வினைக்குக் கைகாட்டி விடலாம். மக்கள் தேடப்போவது அதைத்தான். இணையத் தளங்களில் பயனருக்குக் கிடைக்கும் கர்மாப் புள்ளிக்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான். அதை நற்பெயர்ப்புள்ளி என்று கணினிப் பட்டியலுக்குத் தள்ளிவிடுங்கள்.

ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு மூன்றுக்கும் நான் பதிவு எழுதித் தருகிறேன். அதிருட்டத்துக்கு நியாய நூல் படித்தவர் யாராவது எழுதினால் நன்று. நான் எழுதினால் லாட்டரிச் சீட்டு நினைவு வராமல் எழுத வராது.

அன்புடன்,
ஒரு குழும உறுப்பினர்