மூன்றாவது லெவலிலேயே விளையாட்டை விட்டுவிடுகிறார்கள்: தவறு எங்கே?

கேள்வி:
கோடோ எனும் வீடியோ கேம் உருவாக்கும் மென்பொருளில் இருபரிமாண பிளாட்ஃபார்மர் (தடைகளைத் தாவித் தாவிக் கடக்கும் விளையாட்டு) ஒன்றைத் தனியாளாக உருவாக்கி வருகிறேன். விளையாடிப் பார்த்த ஒன்பது நண்பர்களில் ஆறு பேர், மூன்றாவது லெவலில் நகரும் பலகையிலிருந்து தவறி முட்கள்மீது விழுந்து, நாலைந்து முயற்சிகளுக்குப் பின் நிறுத்திவிட்டனர். நகரும் பலகை அங்கேதான் முதன்முறையாக வருகிறது. எப்போது குதிக்க வேண்டும் என்று திரையில் எழுதியும் வைத்திருக்கிறேன். பலகையின் வேகத்தைக் குறைத்தால் போதுமா?

பதில் 1:
இறந்தபின் எங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது? செக்பாயிண்ட் (இறந்தால் லெவலின் தொடக்கத்துக்குப் போகாமல் மீண்டும் தொடங்கும் இடைப்பட்ட இடம்) உண்டா?

கேட்டவர்:
இல்லை. லெவலின் தொடக்கத்திலிருந்து அந்த இடத்துக்கு வர ஏறக்குறைய 40 விநாடிகள் ஆகும்.

பதில் 1:
அப்படியானால் முட்களுக்குச் சற்று முன்னால் ஒன்றை வையுங்கள். ஏற்கெனவே கடந்துவிட்ட பகுதியைத் திரும்பத் திரும்பக் கடப்பதுதான் சலிப்பூட்டும்.

பதில் 2:
செக்பாயிண்ட் சலிப்பைக் குறைக்குமே தவிர, மூல காரணத்தைத் தீர்க்காது. பலகையைப் பழகுவதற்கு முன்பே அதில் தவறியதற்குத் தண்டனை கிடைத்துவிடுகிறது. 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் லெவலைப் பாருங்கள். எதிரெதிரான இரண்டு படிக்கட்டுகளுக்கு நடுவே முதலில் வரும் இடைவெளியில் தரை இருக்கிறது. தவறி விழுந்தாலும் ஏறிக்கொள்ளலாம். சற்றுத் தள்ளி ஏறக்குறைய அதே அமைப்பு மீண்டும் வருகிறது, ஆனால் இம்முறை அடியில் தரை இல்லை. ஓர் எழுத்துகூட இல்லாமல் அந்தத் தாவல் பழக்கமாகிவிடுகிறது. திரையில் எழுதினால் படிப்பார்கள் என்று நம்பி நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். முதல் பலகைக்குக் கீழே முட்களுக்குப் பதில் வெறும் தரையை வைத்து, முட்களை இரண்டாவது பலகைக்குத் தள்ளுங்கள்; வேகத்தில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம்.

கேட்டவர்:
இரண்டையும் செய்து, புதிதாக ஐந்து பேரிடம் கொடுத்தேன். நால்வர் லெவலை முடித்தனர். ஆனால் பலகையின் விளிம்பில் பொத்தானை அழுத்தியும் குதிக்கவில்லை என்று இருவர் சொல்கின்றனர்.

பதில் 2:
விளிம்பைத் தாண்டிய கணத்திலேயே உங்கள் நிரல் குதிக்கும் அனுமதியைப் பறித்துவிடுகிறது போலும். கால் தரையை விட்டபின்னும் 0.1 விநாடி அளவுக்குக் குதிக்க அனுமதியுங்கள். கொயோட்டி டைம் எனப்படும் இச்சலுகை, கடினமான விளையாட்டென்று பெயரெடுத்த செலஸ்டேயிலும் (2018) உண்டு. அடுத்த சோதனையின்போது விளையாடுபவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்காமல், அவர் எங்கே தயங்கி நிற்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
0.1 விநாடி வைத்துப் பார்த்தேன், அந்தக் குறை தீர்ந்தது. ஐந்தாவது லெவலில் முட்களும் பலகையும் இதேபோல் ஒன்றாக வருகின்றன. அதையும் பிரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.