லுஸ்டர் போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

ஜூன் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒஸ்லோவிலிருந்து காரில் நார்வேயின் மேற்கிலுள்ள லுஸ்டர் பகுதிக்குப் போகிறோம். கையில் இரண்டு நாள்தான்.

ஊர்னெஸ் மரத் தேவாலயத்தை விடுவதாக இல்லை. 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அதன் வடக்குச் சுவரில், முன்பிருந்த இன்னும் பழைய தேவாலயத்தின் மரச் சிற்பத்தை எடுத்துப் பதித்திருக்கிறார்கள்: நாலுகால் விலங்கு ஒன்று பாம்பைக் கடிக்க, பாம்பு திரும்பி அதைக் கடிக்க, சுற்றிலும் மெல்லிய உடல்கள் கொடிபோலப் பின்னிக் கிடக்கும். அதைப் பார்க்கவே போகலாம்.

சிக்கல் அம்மாவின் மூட்டுவலி. சோல்வோர்னில் ஃபெரி ஏறி அக்கரையில் இறங்கினால் மேடு ஏற வேண்டுமே. காரையும் ஃபெரியில் ஏற்றினால் தேவாலயத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிறுத்தலாம்?

அப்புறம் நிகார்ட்ஸ்ப்ரேன் பனிப்பாறை. ஏரிக்கரையில் உட்கார்ந்தபடியே நன்றாகத் தெரியுமா, இல்லை படகில் போய்ப் பாறைமேல் நடந்தால்தானா? 218 மீட்டர் விழும் ஃபைகெஃபோசன் அருவியைச் சாலையிலிருந்தே பார்த்துக்கொள்வோம். ஷோல்டன் ஊரில் தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் கட்டிய குடிசைக்கு நான் மட்டும் ஏறிக்கொள்கிறேன்.

திரும்பும்போது 1,434 மீட்டர் உயரம் ஏறும் சோங்னெஃபியெல் சாலை. மலைச்சாலை பழக்கமில்லாதவர் ஓட்டலாமா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.