கொசஸ்தலை ஆறு இருந்து போன இடங்கள்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொசஸ்தலை ஆற்றைத் தேக்கிவைக்கும் பூண்டி ஏரி என்றால் எனக்குச் செய்தித்தாளில் வரும் ஓர் எண்தான். மொத்தக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, இன்றைய இருப்பு இவ்வளவு. வில்லிவாக்கத்தில் குடத்தோடு லாரிக்கு நின்று வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் அக்கறை கிடையாது.

போன மார்ச்சில் சித்தப்பா திருவள்ளூர் பக்கம் மனை பார்க்கக் கூப்பிட்டார். பத்திரத்தில் ஓர் அளவு, கல் நட்டிருந்தது வேறு அளவு. அந்தக் கதை தனி. காலையிலேயே வேலை முடிந்துவிட, "இவ்ளோ தூரம் வந்துட்டோம், குடியம் குகையைப் பார்த்துட்டுப் போயிடலாம்டா" என்றார்.

ஊரிலிருந்து முள்ளுக்காட்டுக்குள் நல்ல நடை. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வழிகாட்ட வந்தார். குகை வாசலில் தலைக்கு மேலே தேன்கூடுகள். "பேசாம வாங்க, பீடி கீடி பத்த வெச்சிடாதீங்க" என்றார். உள்ளே அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சும்மா சுவரில் கை வைத்தேன். சுவர் முழுக்கக் கூழாங்கல்! எலுமிச்சை அளவில், தேங்காய் அளவில், சிலது இரண்டு கைக்கும் அடங்காது. எல்லாம் வழுவழுவென்று கெட்டி மண்ணில் பதிந்து கிடந்தன. ஒரு கல் கழன்று விழுந்த குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். பல் பிடுங்கிய இடம் மாதிரி இருந்தது.

தண்ணீர் உருட்டாமல் கல் இப்படி உருண்டையாகாது. குன்றின் மேல் ஏது தண்ணீர்? பெரியவரைக் கேட்டேன். "ஆத்துக் கல்லுதான். ஆறு கீழ போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஆட்டைத் தேடப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து படித்ததில், பெரியவர் பெரிதாகத் தப்பாகச் சொல்லவில்லை. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தண்ணீர் கொண்டுவந்து குவித்த கல் இறுகித்தான் இந்தக் குன்றுகள். அவற்றை மழை மறுபடி உடைத்துக் கீழே அனுப்புகிறது. அப்படி இறங்கிய கல்லைத்தான் பூண்டி பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் ஆதி மனிதர்கள் கைக்கோடரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கருவியை எடுத்தார். அதே வருடம் செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனார். அங்கே கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011ல் வெளியிட்டார்கள்.

சரி, கோடரி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அடுத்த மாதம் அத்திரம்பாக்கம் போனபோது என்னை நிறுத்தியது ஓடைக்கரை. அடியில் களிமண், மேலே செஞ்சரளை, அதற்கும் மேலே மணல் கலந்த மண். வெள்ளம் பரவி, அசையாமல் நின்று வடிந்தால்தான் களிமண் படியும். அந்த ஆறு இப்போது அங்கே இல்லை, தள்ளிப் போய்விட்டது. கொசஸ்தலைக்கு விருத்த க்ஷீர நதி என்று ஒரு பழைய பெயர் உண்டு. க்ஷீரம் என்றால் பால், அதாவது பழைய பாலாறு. பாலாறு முன்பு இந்த வழியாகத்தான் வந்தது, பிறகு தெற்கே திரும்பிவிட்டது என்று நிலவியல்காரர்களும் சொல்கிறார்கள். இன்றைக்கு அது கல்பாக்கத்துக்கும் தெற்கே போய்க் கடலில் சேர்கிறது. (அத்திரம்பாக்கத்தில் கல் எதையும் எடுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம்.)

எண்ணூர்க்காரர்:

அண்ணே, நீங்க சொல்ற ஆறு முடியுற இடம் நாங்க. எங்க ஆயா தண்ணியில உட்கார்ந்து கையால தடவி இறால் புடிக்கும், பல்லுல ஓலைப் பறிக் கூடையக் கடிச்சிக்கிட்டே. வெயில் காலத்துல முகத்துவாரம் மண் அடைச்சிக்கும், மழை வந்தா ஆறே உடைச்சிட்டுப் போவும். அது எப்பவும் நடக்கிறதுதான். அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படிஞ்சதுதான் புதுசு. ஆயா "கழுத்தளவு" என்று காட்டிய இடத்தில் போன வருடம் இறங்கினேன். முழங்கால்தான் நனைந்தது. லட்சம் வருடமெல்லாம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மீஞ்சூர் மருமகள்:

வில்லிவாக்கம் அண்ணா குடித்த லாரித் தண்ணீரில் எங்கள் ஊர்ப் பங்கும் இருந்திருக்கும். பழைய ஆற்று மணல் மண்ணுக்கடியில் புதைந்து கிடப்பதால்தான் இந்தப் பக்கம் அவ்வளவு நிலத்தடி நீர். நகரத்துக்கும் வயலுக்கும் இறைத்து இறைத்துக் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கிணற்று நீரில் பருப்பு வேகாது. அப்புறம், போன ஆடியில் போர் போட்டபோது மணலோடு நாலைந்து கூழாங்கல்லும் மேலே வந்தது. அதில் பெரியதை மாமியார் கழுவி, ஊறுகாய் ஜாடி மூடிமேல் பாரமாக வைத்திருக்கிறார்.