பெட்ரோல் டாங்கை வெட்டி ஒட்டியபோது நடந்தது: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தஞ்சை ஆர்எக்ஸ்:

டாங்கில் வெல்டிங் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு அந்த "டொப்" சத்தம்தான் காதில் விழுகிறது. நண்பனின் ஆர்எக்ஸ் 100 பைக்கில் ஒரு பழைய எஸ்டி பைக்கின் டாங்கை மாட்ட ஆசை. டாங்கின் டனலை, அதாவது ஃபிரேம் மேல் உட்காருகிற அடிக்குழிவை, ஃபிரேமுக்கு ஏற்ற மாதிரி வெட்டித் திருத்த வேண்டும். பழைய சாமான் கடையில் வருஷக்கணக்கில் மூடியில்லாமல் வெயிலில் கிடந்த டாங்க் அது. மூக்கை வைத்துப் பார்த்தால் துரு வாடைதான், பெட்ரோல் வாடை துளியும் இல்லை. காய்ந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினோம்.

பட்டறைப் பையன் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து அடித்தையலில் காட்டினான். முதலில் ஒன்றுமில்லை. தகடு சிவக்க ஆரம்பித்த இடத்தில் டொப். மூடி வாயிலிருந்து ஒரு முழத்துக்கு நெருப்பு வந்து அடங்கியது. அவன் வாய்க்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் குந்தியிருந்ததால் புருவம் பொசுங்கியதோடு போயிற்று. முட்டி பதிவதற்காக இரண்டு பக்கமும் குழிவாக இருக்குமே, அந்தக் குழிவு இரண்டும் வெளியே புடைத்து நின்றன. பெயிண்டில் கீறல்கூட இல்லை. அவ்வளவு தடித்த தகட்டை உள்ளிருந்து தள்ளியது எது? காய்ந்த டாங்கில் அவ்வளவு பெட்ரோல் எங்கே ஒளிந்திருந்தது?

பொள்ளாச்சி டிங்கர்:

தையலுக்குள்தான் ஒளிந்திருந்தது தம்பி. இரண்டு தகட்டை மடித்துச் சேர்த்த இடத்தில் பெட்ரோல் ஊறி நிற்கும். உள்சுவரில் பிசின் மாதிரி படிந்திருப்பதும் சூடு பட்டால் ஆவியாகும். கையில் காய்ந்திருக்கும், நெருப்பு காட்டினால் காய்ந்திருக்காது. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரு பொறி போதும். நிரம்பிய டாங்கில் காற்றுக்கு இடமில்லை. காலி டாங்கில் ஆவியும் காற்றும் கலந்து தயாராக நிற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தானாக மேலே ஏறிப் போகாது, அடியிலேயே தங்கும். அதனால் மூடியைத் திறந்து வைத்தாலே போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் கதை சின்னது. ஒருவர் "சோப்புத் தூள் போட்டுக் கழுவிவிட்டேன், உடனே ஒட்டிக் கொடுங்கள்" என்று கொண்டுவந்தார். பெட்ரோல் காக்கை, அதாவது டாங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற குழாயை, கழற்றாமலே கழுவியிருந்தார். அதைக் கழற்றியதும் அந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்தது தண்ணீர் இல்லை, பெட்ரோல். அந்தச் சொட்டு என் செருப்பில் விழுந்தது. டார்ச் பத்தடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. இன்றும் எந்த டாங்க் வந்தாலும் காக்கைக் கழற்றாமல் தொட மாட்டேன்.

நான் செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். காக், மூடி, மீட்டர் எல்லாம் கழற்ற வேண்டும். கொதிநீரில் சோப்புத் தூள் கரைத்து நிரப்பி ஒரு இரவு விட வேண்டும். கொட்டிவிட்டு மறுபடியும் அதேபோல. அப்புறம் தண்ணீர் நிரப்பி, ஒட்ட வேண்டிய இடம் மட்டும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வருமாறு டாங்கைச் சாய்த்துக் கட்ட வேண்டும். உள்ளே காற்று நிற்கிற இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வாய் திறந்தே இருக்க வேண்டும், ஆள் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. தண்ணீர் வைக்க முடியாத வேலை என்றால், ஓடுகிற வண்டியின் சைலன்ஸரிலிருந்து ஹோஸ் போட்டுப் புகையை உள்ளே விடுவேன். புகையில் ஆக்ஸிஜன் குறைவு, எரிவதற்கு வழி இல்லை.

நெல்லை ஸ்டாண்டர்டு:

அண்ணே, தண்ணீர் முறையில் எனக்கு மறுப்பில்லை. சைலன்ஸர் புகையை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐடிலில் ஓடுகிற பழைய கார்புரேட்டர் வண்டிப் புகையில் எரியாத பெட்ரோலும் சேர்ந்தே வரும், டூ ஸ்ட்ரோக் என்றால் கேட்கவே வேண்டாம். ஆக்ஸிஜனைத் துரத்தப் போய் ஆவியை ஊற்றுகிற வேலை அது. ஷட்டர் பாதி இறக்கிய பட்டறையில் அந்தக் கார்பன் மோனாக்ஸைடை சுவாசிப்பது யார்? வேலை செய்கிற பையன்தான். ஆர்கான் வாயுவை வைத்துச் செய்கிற டிக் வெல்டிங் உள்ள கடையில் அந்த சிலிண்டர் எப்படியும் இருக்கும். கழுவிய டாங்கின் அடிவரை குழாயை விட்டு ஆர்கானை நிரப்பினால் போதும். காற்றைவிடக் கனமான வாயு, கீழிருந்து நிரம்பிக் காற்றை மேலே தள்ளிவிடும்.

என்னை விடாமல் பிடித்திருப்பது வேறு விஷயம். புல்லட்டுக்கு நீளமாக, கஃபே ரேசர் பாணியில் கையால் அடித்த டாங்க். அழகென்றால் அழகு. மேலே ஒரு மோன்ஸா மூடி, ரேஸ் வண்டி மாதிரி நெம்புகோலைத் தூக்கித் திறக்கிற வகை. திண்டிவனம் தாண்டினால் வண்டி திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஓரம் கட்டினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்குகள் பிளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள். ஒருநாள் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூடியைத் தூக்கினேன். "ஸ்ஸ்ஸ்" என்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. என் உள்ளங்கையையும் சேர்த்து இழுத்தது. புது மூடியில் காற்றுத் துளையே இல்லை! பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் கூடி, கடைசியில் பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டாங்கைக் கட்டியவர் கண்ணுக்கு வளைவு தெரிந்தது, மூச்சுவிடும் வழி தெரியவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அதுதான்.

கொல்லிமலைப் பயணி:

எல்லோரும் கார்புரேட்டர் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். எஃப்ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள வண்டியில், பெட்ரோல் பம்ப் டாங்குக்குள்ளேயே, அடியில் உட்கார்ந்திருக்கும். அதற்குக் குறிப்பிட்ட ஆழம் வேண்டும். நான் வாங்கிய டாங்க் தட்டை. அடிப்பகுதியை மேலே தூக்கிவிட்டார்கள். பம்பை ஒரு சின்னப் பெட்டி மாதிரி தொங்கவிட்டு மாட்டினார்கள். நேர் ரோட்டில் குறையே இல்லை.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. பெட்ரோல் பாதிக்குக் கீழே. இடதுபக்க வளைவில் வண்டியைச் சாய்த்த நொடியில் இஞ்சின் அணைந்தது. சாய்ந்த வண்டி, ஏற்றம், இழுவையே இல்லை, எதிரே ஹார்ன் அடித்துக்கொண்டு பஸ் இறங்குகிறது. கிளட்சைப் பிடித்துக் காலை ஊன்றினேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. பெட்ரோல் முழுக்க டாங்கின் இன்னொரு பக்கத்துக்கு ஓடியிருக்கிறது, பம்ப் வெறும் காற்றை உறிஞ்சியிருக்கிறது. கம்பெனி டாங்கில் உள்ளே தடுப்புத் தகடு ஏன் வைக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. பம்ப் சூடாகாமல் இருப்பதும் அதைச் சுற்றியுள்ள பெட்ரோலால்தான். இப்போது பழைய டாங்கையே திரும்ப மாட்டிவிட்டேன்.

சேலம் ஃபேப்ரிகேஷன்:

டாங்கை ஃபிரேமோடு நேரடியாக போல்ட் போட்டு இறுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். ஒற்றை சிலிண்டர் அதிர்வு முழுக்க, போல்ட் மாட்டுவதற்காக டாங்கில் ஒட்டிய காதுத் தகட்டில் இறங்கும். சிக்னலில் நிற்கிறேன், கால் பக்கம் "சர்ர், சர்ர்" என்று சத்தம். குனிந்து பார்த்தால் காது ஒட்டிய இடத்தில் மயிரிழை விரிசல், அதிலிருந்து பெட்ரோல் நேராகச் சூடான சிலிண்டர் ஃபின்னில் விழுந்து ஆவியாகிக்கொண்டிருக்கிறது. இஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பக்கத்துப் பெட்டிக்கடையில் சோப்புக் கட்டி வாங்கி விரிசலில் தேய்த்து அடைத்தேன். பெட்ரோல் சோப்பைக் கரைக்காது, பட்டறை வரை தாங்கும்.

ரப்பர் புஷ் இல்லாமல் டாங்கை மாட்டாதீர்கள். காதை நேராக டாங்கின் வெளித்தகட்டில் ஒட்டாமல், கீழே ஒரு பட்டைத் தகடு வைத்து அதன்மேல் ஒட்டுங்கள். கசிவு பார்க்கச் சைக்கிள் பம்பில் மெதுவாகக் காற்றடித்து, மேலே சோப்பு நுரை தடவுங்கள். இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. போதும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரைக் கொண்டுபோய்ச் சொருகினால் பட்டறைக்காரர் கையால் அடித்த வளைவு ஒரே நொடியில் உருண்டுவிடும்.

ஆர்சி புக்:

மன்னிக்கவும், என்னிடம் கதை இல்லை. ஆனால் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. புது டாங்க் என்றால் பெரும்பாலும் புது நிறம். நிறம் ஆர்சியில் இருக்கிறது. பெயிண்டரிடம் போவதற்கு முன் ஆர்டிஓவில் கேளுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கொல்லிமலைப் பயணி:

ஐயா, நிறம் சரி. பஸ்ஸுக்கு முன்னால் இஞ்சின் அணைந்ததற்கு ஆர்சியில் என்ன பதில் இருக்கிறது? டாங்க் கட்டுகிறவருக்கு உள்வேலை தெரிய வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

புதுப்பேட்டை பழைய சாமான்:

அப்பாவின் புல்லட் டாங்க். அதன் பொன்கோடு சென்னைத் தொழிற்சாலையில் கையால் இழுத்தது. அதில் கத்தி வைக்க மனசு வரவில்லை. புதுப்பேட்டையில் அடிபட்ட டாங்க் ஒன்றை எடுத்து அதில்தான் என் வெட்டு வேலை எல்லாம். துரு பிடிக்காமல் இருக்க டாங்குக்குள் லைனர், அதாவது உள்பூச்சு, ஊற்றினோம். துருவை முழுக்க எடுத்துக் காயவைக்காமல் ஊற்றிவிட்டார் பட்டறைக்காரர்.

அடுத்த மழைக்காலத்தில் கார்புரேட்டர் ஜெட் அடைத்துக்கொண்டே இருந்தது. டாங்க் வாயில் டார்ச் லைட் அடித்துப் பார்த்தால், காய்ச்சிய பாலில் ஏடு சுருங்குவது போல லைனர் மொத்தமாகச் சுருண்டு மிதக்கிறது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், முழ நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அதன் பின்பக்கம் முழுக்கச் செந்துரு. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், துரு அங்கேதான் பிடிக்கும். லைனர் வாங்கினால் எத்தனாலைத் தாங்குமா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் டாங்க் ஆசை உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன். சாதாரணப் பாலியஸ்டர் ரெசின் எத்தனாலில் இளகும்.

தஞ்சை ஆர்எக்ஸ்:

நண்பன் இன்னொரு டாங்க் எடுத்துவிட்டான். இந்த முறை பொள்ளாச்சி அண்ணன் சொன்ன தண்ணீர் முறைதான், காக்கையும் கழற்றியாகிவிட்டது. நெல்லை அண்ணே, அவனும் மோன்ஸா மூடிதான் வாங்கி வைத்திருக்கிறான். துளையை எங்கே போடுவது?

நெல்லை ஸ்டாண்டர்டு:

மூடியில் போடாதே தம்பி, மழைத் தண்ணீர் இறங்கும். டாங்கின் மேல் விளிம்புக்கு ஒட்டி முடிகிற மாதிரி உள்ளே ஒரு மெல்லிய குழாயை நிற்கவைத்து, அதன் கீழ்முனையை அடித்தகட்டின் வழியாக வெளியே கொண்டுவந்து ஒட்டச் சொல். அதில் ரப்பர் ஹோஸ் மாட்டி, சைலன்ஸருக்கு எட்டாத பக்கமாக இஞ்சினுக்குக் கீழே தொங்கவிடு. இதையும் அந்தத் தண்ணீர் வேலையோடு சேர்த்தே முடித்துவிடுங்கள், இன்னொரு முறை நெருப்பு காட்ட வேண்டாம். பெட்ரோல் ஊற்றி ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு, நின்றதும் மூடியைத் திறந்து பார். காற்றை இழுக்கும் சத்தம் வந்தால் குழாய் எங்கோ அடைத்திருக்கிறது, அல்லது ஹோஸ் மடங்கியிருக்கிறது.