பல் பிடுங்கும் முன் தரும் மருந்துக்கு ஒரு சொல்: 'முற்காப்பு'

நண்பர்களுக்கு வணக்கம்.

பல் சிகிச்சைக்கு முன் சில இதயநோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் தருவதை 'நோய்த்தடுப்பு மருந்து' எனலாம் என்று நம் குழுவில் ஓர் ஐயா எழுதியிருந்தார். பொருள் சரிதான். ஆனால் 'தடுப்பு' என்றாலே நம்மவர்களுக்கு ஊசிதான் நினைவுக்கு வரும். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திய என் பெரியம்மா பல் பிடுங்கப் போன அன்று, அங்கே அவரிடம் "தடுப்பு மருந்து எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டார்கள். கொரோனா ஊசியை நினைத்துக்கொண்டு, "ரெண்டும் போட்டாச்சு" என்றார். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அவர் பைக்குள்ளேயே கிடந்தது. பக்கத்தில் நான் இருந்ததால் தெரிந்தது. இல்லாவிட்டால்?

அதனால் 'முற்காப்பு' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். பல்லைப் பிடுங்கும்போது வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் ஈறு வழியாக ரத்தத்தில் கலக்கின்றன. பெரும்பாலானோருக்கு உடலே அவற்றைச் சீக்கிரம் அகற்றிவிடும். செயற்கை வால்வு இருந்தால் அதில் ஒட்டி வளர்ந்து, இதயத்தின் உட்சவ்வில் உயிருக்கே ஆபத்தான அழற்சியை உண்டாக்கலாம். கிருமி கலக்கும் நேரத்தில் மருந்து ஏற்கெனவே ரத்தத்தில் இருக்க வேண்டும். ஒவ்வாமை இல்லாத பெரியவர்களுக்கு வழக்கமான அளவு அமாக்சிசிலின் 2 கிராம். சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, ஒரே வேளை. 'முன்' என்பது சொல்லுக்குள்ளேயே இருந்தால் நோயாளிக்கு நேரமும் நினைவிருக்கும்.

'இதய முற்காப்பு' என்று நீட்ட வேண்டாம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களும் தங்களுக்குத்தான் என்று எண்ணிவிடுவார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2007லேயே இதைச் செயற்கை வால்வு, முன்பே இந்த அழற்சி வந்தவர்கள், சிலவகைப் பிறவி இதயக் கோளாறு என மிகச் சிலருக்கு மட்டும் சுருக்கிவிட்டது.

அப்புறம், ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடிய காய்ச்சல்) வந்தவர்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி வேறு. அதைத் 'தொடர் முற்காப்பு' என்று பிரித்துவிடலாம். அந்த ஊசி போடுகிறோமே, பல்லுக்கும் அதுவே போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஆன்டிபயாடிக்கை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'நுண்ணுயிர்க்கொல்லி' பூச்சிமருந்துபோல ஒலிக்கிறது; கடைக்காரருக்கும் புரியாது.

மருந்துச்சீட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்: "முற்காப்பு மாத்திரை. பல் பிடுங்க ஒரு மணி நேரம் முன், ஒரே ஒருமுறை." பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கிளம்பும்போதே போட்டுக்கணும், அவ்வளவுதானே?" என்றார்.