'ஆயிரத்தில் ஒருவன்' தப்பித்துவிட்டது, 'இரண்டாம் உலகம்' ஏன் தப்பிக்கவில்லை?

மதியக்காட்சி:

ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி, நேராகவே கேட்டுவிடுகிறேன். செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கலுக்கு வந்தபோது "முதல் பாதி ஓகே, இரண்டாம் பாதி தலையும் புரியல வாலும் புரியல" என்பதுதான் பொதுப்பேச்சு. விமர்சனங்களும் ஏறக்குறைய அதே தொனிதான். கற்பனையைப் பாராட்டுவார்கள், உழைப்பைப் பாராட்டுவார்கள், அப்புறம் திரைக்கதையில் கைவைப்பார்கள். இன்றைக்கு அதே படத்தைப் பற்றி ஒரு குறை சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு ஆள் வரிசையில் நிற்கும். 2020 டிசம்பர் 31 அன்று மறுபடி தியேட்டருக்கு வந்தபோது புதுப்படம் மாதிரி கொண்டாடினார்கள்.

2013 நவம்பரில் 'இரண்டாம் உலகம்' வந்தது. அதே இயக்குநர், அதே ஒளிப்பதிவாளர் ராம்ஜி, அதே எடிட்டர் கோலா பாஸ்கர். அதற்கும் கிட்டத்தட்ட இதே விமர்சனம்தான்: பார்க்க அழகு, கதை தள்ளாட்டம். ஆனால் அதை யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை, மீம் போடக்கூட ஆள் இல்லை. போன வாரம் இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தேன். இரண்டிலும் ஓட்டை இருக்கிறது, இரண்டிலும் தமிழில் வேறு யாரும் யோசிக்காத காட்சிகள் இருக்கின்றன. அப்படியானால் விமர்சகர்கள் 2010ல் தப்பு, 2013ல் சரியா? இல்லை, நாம்தான் ஒன்றுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோமா?

வடபழனிவாசி:

தல, பதில் ரொம்பச் சின்னது. ஒன்றில் எங்கோ ஒளிந்து வாழும் கடைசிச் சோழனும் அவன் சனமும் இருக்கிறார்கள், இன்னொன்றில் இல்லை. நம்ம ஆளுக்குச் சோழன் என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், பாதி மார்க் போட்டுவிட்டுத்தான் படத்தையே பார்க்க உட்காருவான். 'இரண்டாம் உலக'த்தில் கொடி பிடிக்க என்ன இருக்கிறது? பெயர் தெரியாத கிரகம், பெயர் தெரியாத ராஜா.

இன்னொன்று. 'ஆயிரத்தில் ஒருவ'னை (ஆ.ஒ.) அன்றைக்கு மக்கள் கைவிட்டார்கள் என்கிற கதையே கொஞ்சம் மிகை. 2021ல் செல்வராகவனே ட்விட்டரில் போட்டாரே, உண்மையான செலவு 18 கோடிதான், பிரம்மாண்டம் என்று காட்ட 32 கோடி என்று அறிவித்தோம், போட்ட பணம் வந்தும் சுமார் படம் என்று முத்திரை விழுந்தது, என்ன முட்டாள்தனம் என்று. தெலுங்கில் 'யுகானிக்கி ஒக்கடு' என்று போய் அங்கே நன்றாகவே ஓடியது. பொய்க்கணக்கு சொன்னதால் வந்த தோல்வி அது, பாதி.

ரீல்பெட்டி:

சோழன் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதோடு முடித்துவிட்டால் படத்தைப் பற்றி எதுவும் பேசாமலே போய்விடுவோம். எனக்குத் தெரிந்து வித்தியாசம் காட்சிகள் செய்யும் வேலையில் இருக்கிறது.

அந்த நடராஜர் நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனம், கால் வைத்தால் உள்ளே இழுக்கும் புதைமணல், சோழர்கள் ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடிப் போனவர்களில் முத்து, அனிதா, லாவண்யா என்று மிச்சம் மூன்றே பேர். பொழுது சாயும்போது பாறைகளின் நிழல் நீண்டு மணல்மேல் ஆடும் நடராஜராக விழுகிறது. நிழலுக்குள் இருக்கிற வரைக்கும் உயிர் உண்டு, விளிம்பைத் தாண்டினால் மணல் விழுங்கிவிடும், சூரியன் இறங்க இறங்க நிழல் நகர்கிறது, இவர்களும் கூடவே ஓடியாக வேண்டும். இதை யாரும் வசனத்தில் விளக்கத் தேவையில்லை. பொறியை வைத்தவர்கள் யாரைக் கும்பிட்டார்கள், வானத்தை எவ்வளவு கணித்து வைத்திருந்தார்கள், பின்தொடர்ந்து வருகிறவனை எவ்வளவு வெறுத்தார்கள், எல்லாம் அந்த ஒரு நிழலிலேயே வந்துவிடுகிறது. பார்க்கிற நமக்கும் மூச்சு வாங்குகிறது. கிராஃபிக்ஸ் அந்தக் காலத்துத் தரம்தான், கடலில் வரும் ஜந்துக்களை இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் யோசனை பலமாக இருந்ததால் படம் தாங்கிவிட்டது.

'இரண்டாம் உலக'த்துக்கு ஜார்ஜியா வரைக்கும் போனார்கள். நிலப்பரப்பு அபாரம், அதன்மேல் கம்ப்யூட்டரில் நிறத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள், சில ஃப்ரேம்களை நிறுத்தி வைத்தே பார்க்கலாம். ஆனால் அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று ஒன்றும் பிடிபடுவதில்லை. அங்கே ஜனங்கள் என்ன வேலை செய்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், ராஜாவை ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள்? சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், உள்ளே போய்க் குடியிருக்க முடியாது. போதாக்குறைக்கு டப்பிங். பாதி ஜனம் வெள்ளைக்கார முகம், வாய் ஒன்று பேசுகிறது, காதில் வேறு ஒன்று விழுகிறது. ஆ.ஒ.வில் சோழர்கள் பேசும் பழந்தமிழ் தியேட்டரில் பாதிப் பேருக்குப் புரியவில்லை, உண்மைதான், ஆனால் அது சோழ ராஜாவாக வரும் பார்த்திபன் தொண்டையிலிருந்து, அந்த வற்றிப்போன உடம்புகளிலிருந்து வந்தது. புரியாவிட்டாலும் நம்பினோம்.

அப்புறம் ஒன்று, "காலத்தை முந்திய படம்" என்று சொல்வதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். முதல் பாதியில் வரும் இரட்டை அர்த்த ஜோக்குகள், காட்டுவாசி என்றாலே மனுஷனைத் தின்பவன் என்று காட்டியது, இதெல்லாம் எந்தக் காலத்தை முந்தியதாம்? 2010ல் விமர்சனம் எழுதியவர்கள் சொன்ன குறைகள் எல்லாம் இன்றைக்கும் படத்தில் அப்படியே இருக்கின்றன. அவர்களுக்குக் குறை பெரிதாகத் தெரிந்தது, நமக்குச் சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். படத்தைக் கொண்டாட அவர்களை முட்டாளாக்க வேண்டிய அவசியம் இல்லை.

தாழம்பூ:

ரீல்பெட்டி அண்ணா சொல்வதில் பாதியோடு ஒத்துப்போகிறேன், பாதியோடு இல்லை. 'இரண்டாம் உலகம்' என்றதும் எல்லோரும் அந்த இன்னொரு கிரகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், பூமியில் நடக்கும் கதையை மறந்துவிடுகிறீர்கள். ஆர்யாவும் அனுஷ்காவும் இரண்டு உலகத்திலும் வருகிறார்கள், பூமியில் மது, ரம்யா, அங்கே மருவன், வர்ணா. ரம்யா போய்த் தன் காதலைச் சொல்கிறாள், மது மறுக்கிறான், பிறகு இவன் மனசு மாறி அவள் பின்னால் அலைகிறான். உடம்பு முடியாத அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பையன், கூச்சமும் பிடிவாதமும் கலந்த ஒரு டாக்டர் பெண். செல்வராகவனுக்குக் கை வந்த ஏரியா அது. அனுஷ்கா அதில் அவ்வளவு இயல்பு. கோவாவில் அவள் செத்துப்போகும் வரைக்கும் அது எனக்கு நல்ல படம், ஒரு சமாதானமும் சொல்லாமல் சொல்கிறேன்.

கெட்டுப்போவது மறுபக்கத்தில், அதற்குக் காரணம் கிராஃபிக்ஸோ டப்பிங்கோ மட்டும் இல்லை. காதல் என்பதே தெரியாத, பெண்ணுக்கு மதிப்பே இல்லாத உலகம் என்று ஆரம்பிக்கிறார்கள். அருமையான ஆரம்பம். அங்கே வர்ணா கத்தி பிடித்துச் சண்டை போடுகிறவள், யாருக்கும் அடங்காதவள். மருவன் மிருகத்தைக் கொன்று தோலோடு வந்து அதற்குப் பரிசாக ராஜாவிடம் அவளைக் கேட்கிறான். அவளுக்கு வரும் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். அந்தக் கோபத்தோடு படம் போயிருந்தால் வேறு எங்கேயோ போயிருக்கும். ஆனால் பூமியிலிருந்து ஒரு ஆண் வந்து இன்னொரு ஆணுக்குக் காதலைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது! வர்ணா எதைக் கற்றுக்கொண்டாள், எப்போது மனசு மாறினாள் என்று யோசித்தால் பதில் இல்லை. அன்றைக்கு வந்த விமர்சனங்கள் லாஜிக், லிப் சிங்க் என்று எண்ணிக்கொண்டிருந்தன, இதைப் பெரிதாகக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதே செல்வராகவன்தான் ஆ.ஒ.வில் அனிதாவை எழுதினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ரீமா சென் அந்தப் படத்தில் பொய் சொல்கிறாள், ஆளை ஆட்டி வைக்கிறாள், கொலை செய்கிறாள், கடைசி வரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆ.ஒ. நின்றதற்கு அவள் பாதிக் காரணம் என்பேன். சோழன் சோழன் என்று கத்துகிறவர்கள் பாண்டியர் பக்கத்து ஆளைத்தான் ரசித்துக்கொண்டிருக்கிறார்கள், வடபழனி அண்ணா இதைக் கவனித்தீர்களா?

வடபழனிவாசி:

கவனித்தேன் கவனித்தேன். அனிதாவும் அந்தக் கடைசிச் சோழனும் நேருக்கு நேர் நிற்கிற இடமெல்லாம் விசில்தான். சரி, இந்தப் பாயின்ட் உங்களுக்கு.

யாழ்வாசகன்:

இதுவரை ஒருவரும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். 'ஆயிரத்தில் ஒருவன்' வெளிவந்தது இலங்கையில் போர் முடிந்து எட்டு மாதத்தில். ஒளிந்து வாழும் ஒரு சனம், பசியில் கிடக்கும் குழந்தைகள், தாய்நிலத்துக்குத் திரும்புவோம் என்ற ஒரு நம்பிக்கை, பிறகு நவீன ஆயுதங்களோடு ராணுவம் உள்ளே வந்து ஆண்களைக் கொன்று பெண்களைச் சீரழிக்கிறது. நீங்கள் எல்லோரும் திரைக்கதை இழுக்கிறது என்று கதைத்த அந்தக் கடைசிப் பகுதியை நாங்கள் படமாகவே பார்க்கவில்லை. என்னோடு இருந்து பார்த்தவர்கள் இடையில் எழும்பிப் போனார்கள், அலுப்பில் இல்லை.

அதற்காக இயக்குநர் திட்டமிட்டு எங்கள் கதையைத்தான் எடுத்தார் என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. வேலை தொடங்கியது 2007ல், அப்போது முடிவு இப்படி வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. பார்த்தவர்கள் தங்கள் துயரத்தை அதன்மேல் ஏற்றினார்கள் என்றே வையுங்கள், ஏற்றுவதற்கு அந்தப் படத்தில் இடம் இருந்தது. அந்த நேரத்து விமர்சனங்களில் எத்தனை பேர் இதைத் தொட்டார்கள்? கணினி வேலை சரியில்லை, இரண்டாம் பாதி நீளம், வன்முறை அதிகம், இவ்வளவோடு முடித்தவர்கள்தான் கூட. அந்த வன்முறை ஏன் அப்படி வந்து விழுகிறது என்று கேட்டிருக்கலாம். ஆகவே ரீல்பெட்டி, அவர்கள் சொன்ன குறைகள் உண்மை என்பது சரி, ஆனால் பார்க்கத் தவறியதும் உண்மை.

'இரண்டாம் உலகம்' எனக்குப் பிடிக்கும், பாட்டுகளுக்காகவே பிடிக்கும். ஆனால் அதில் அப்படி எதையும் ஏற்றி வைக்க இடமில்லை.

மதியக்காட்சி:

யாழ்வாசகன், இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஒரு சின்னச் சந்தேகம். பாட்டு என்றீர்களே, அதுவும் ஒரு காரணமாக இருக்குமோ? ஆ.ஒ.வின் 'தாய் தின்ற மண்ணே'வைப் படமே பார்க்காதவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். 'இரண்டாம் உலக'த்தில் பாட்டு ஹாரிஸ் ஜெயராஜ், பின்னணி இசை அனிருத், இரண்டும் நன்றாக இருந்தும் இரண்டு வேறு படங்களுக்குப் போட்டது போல எனக்குப் பட்டது.

ரீல்பெட்டி:

இருக்கும். 'தாய் தின்ற மண்ணே' வெறும் பாட்டு இல்லை, அந்தச் சோழன் யார், எதை இழந்தான், ஏன் இந்தப் பொந்துக்குள் காத்திருக்கிறான் என்பது முழுக்க அதில்தான் இருக்கிறது. பாட்டை எடுத்துவிட்டால் பார்த்திபன் பாத்திரம் பாதி காலி. இசையமைத்த ஜி.வி. பிரகாஷ் அப்போது எவ்வளவு சின்னப் பையன் என்று நினைத்தால் இன்னும் ஆச்சரியம். அந்தப் பக்கம் 'கனிமொழியே', 'என் காதல் தீ' எல்லாம் தனியாகக் கேட்க இனிமை, எஸ்.பி.பி. குரல் வேறு, ஆனால் எந்தப் படத்தில் வைத்தாலும் பொருந்தும் பாட்டுகள். அந்தக் கிரகத்துக்கு என்று ஒரு சத்தம் இல்லை.

யாழ்வாசகன் சொன்னதை ஏற்கிறேன். வெள்ளிக்கிழமை பார்த்து உடனே எழுதும் விமர்சனத்தில் அதை எதிர்பார்க்க முடியுமா என்பது வேறு கேள்வி, ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் எழுதியவர்களாவது தொட்டிருக்கலாம்.

தாழம்பூவுக்கு: கோவா வரைக்கும் நல்ல படம் என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படித்தேன். இரவு மறுபடி அந்தப் பகுதியை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். ஆர்யா இன்னும் கொஞ்சம் முகத்தை அசைத்திருக்கலாம், மற்றபடி நீங்கள் சொல்வது போலத்தான்.

தாழம்பூ:

ஆர்யா விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டேன், என் தங்கை ஆர்யா ரசிகை, இந்த இழை அவள் கண்ணில் பட்டால் வீட்டில் சோறு கிடைக்காது 😄

யாராவது 'இரண்டாம் உலகம்' முதல்முறை பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும் சொல்கிறேன், போனில் பார்க்காதீர்கள். கதை எப்படியும் தள்ளாடும், ராம்ஜி எடுத்ததையாவது பெரிய திரையில் பாருங்கள்.

வடபழனிவாசி:

பெரிய திரை என்றதும் ஞாபகம் வருகிறது. 2021 ஜனவரி 1ஆம் தேதி தனுஷை வைத்து 'ஆயிரத்தில் ஒருவன்' இரண்டாம் பாகம், 2024ல் வெளியீடு என்று போஸ்டர் விட்டார்கள். 2024 வந்தது, போனது, படம் வரவில்லை. வந்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் ரெடி. பட்ஜெட்டை மட்டும் இந்தத் தடவை உள்ளபடியே சொல்லிவிடுங்கப்பா.