மறு: ‘ஸரீபா’வுக்குத் தமிழ்ச்சொல் – இடுமுள் அரண்?

> சூடானில் நடந்த டோஃப்ரெக் போருக்கான மேசைப் போர்விளையாட்டு விதிகளைத் தமிழில் எழுதிவருகிறேன். ‘ஸரீபா’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ‘முள்வேலி’ என்று எழுதிவிட்டு மேலே போகலாமா?

ஐயா, வணக்கம்.

போக வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ‘முள்வேலி’ என்றால் இன்றைய வாசகர் கம்பியைத்தான் நினைப்பார். 2009க்குப் பிறகு ஈழத் தமிழர் மனத்தில் அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சூடானில் இருந்தது கம்பி அன்று. வெட்டிப் போட்ட உடைமரக் கிளைகள். அரபியில் ஸரீபா என்பது முதலில் ஆடுமாடு அடைக்கும் முட்பட்டி. அதைத்தான் பிரிட்டிஷ் படை பாசறைக்கு அரணாக எடுத்துக்கொண்டது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. நீங்கள் எடுத்திருப்பது டோஃப்ரெக். 1885 மார்ச் 22 அன்று சுவாக்கின் துறைமுகத்திலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் தளபதி மெக்னீலின் படை, ஏறத்தாழ ஆறு மைல் தொலைவில் புதர்க்காட்டுக்குள் நின்று முள் வெட்டத் தொடங்கியது. நடுவில் ஒட்டகங்களுக்கும் சரக்குக்கும் ஒரு பெரிய சதுரம், அதன் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சிறு சதுரங்கள் என்பது திட்டம். பிற்பகல் இரண்டரை மணியளவில், வேலை முடியாதபோதே, பிரிட்டிஷாரை எதிர்த்த மஹ்தி இயக்கத் தளபதி உஸ்மான் டிக்னாவின் ஹதந்தோவா இன வீரர்கள் புதருக்குள்ளிருந்து பாய்ந்துவிட்டார்கள். மெக்னீலின் படையிலிருந்த 17ஆம் வங்காளக் காலாட்படை நிலைகுலைந்தது. சரக்கு ஒட்டகங்கள் மிரண்டு சிதறின. கடுஞ்சண்டை ஏறத்தாழ இருபது நிமிடம்தான். ஆகவே உங்கள் மேசையில் இருக்க வேண்டியது கட்டி முடித்த வேலி அன்று, பாதி இட்ட முள். நமக்கு வேண்டிய சொல் பெயராகவும் நிற்க வேண்டும், வினையாகவும் நடக்க வேண்டும்: இட்டார்கள், இடுகிறார்கள், இன்னும் இடவில்லை.

அப்படி ஒரு சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. முல்லைப்பாட்டில் அரசனின் படை காட்டில் பாசறை அமைக்கிறது. பிடவத்தையும் பசும்புதர்களையும் வெட்டி அழித்து, “இடுமுட் புரிசை ஏமுற வளைஇ”ப் பாடி இறங்குகிறது. முள்ளை இட்டு எழுப்பிய மதில், காவலாகச் சுற்றி வளைக்கப்படுகிறது. டோஃப்ரெக்கில் நடந்ததும் இதே வேலை: புதரை வெட்டினார்கள், முள்ளை இழுத்து வந்து இட்டார்கள், நடுவில் படையை நிறுத்தினார்கள். இந்த வரி நினைவுக்கு வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

‘புரிசை’ இன்று பலருக்குப் புரியாது. புரிந்தவருக்கும் கல்மதிலாகவே தோன்றும். அதனால் இடுமுள் அரண் என்று வைத்துக்கொள்ளலாம். சேர்த்து ‘இடுமுள்ளரண்’ என்று எழுதினால் விதிப்புத்தகத்தில் கண் இடறும், பிரித்தே எழுதுங்கள்.

இதைத் தமிழில் சொல்ல நமக்குக் கூடுதல் உரிமையும் உண்டு. அன்று அங்கே மெக்னீலின் பக்கம், அரண் கட்டுவது போன்ற பொறியியல் வேலைகளுக்கான மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் இருந்தார்கள். ‘டோஃப்ரெக்’ அந்தப் படையின் போர்ப்பெருமைகளில் ஒன்று. தமிழரையும் தெலுங்கரையும் சேர்த்த படை அது. முள் வெட்டிய கைகளில் தமிழர் கைகளும் இருந்திருக்கும். அந்த வேலைக்கு அவர்கள் வாயில் ஏதோ ஒரு தமிழ்ச்சொல் வந்திருக்கும்.

- - -

> அதனால் இடுமுள் அரண் என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பி, கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். அந்தச் சிப்பாய்கள் முல்லைப்பாட்டுச் சொல்லையா பேசியிருப்பார்கள்? எங்கள் கரிசல் பக்கத்தில் புஞ்சையைச் சுற்றி முள் வெட்டிப் போட்டால் ‘முள் அடைக்கிறது’ என்போம், அடைத்தது முள்ளடைப்பு. நுழைவதற்கு வைப்பது படல். உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் பழைய ஏட்டுக்குப் போவானேன்? விளையாடப் போகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

- - -

அக்கா, வணக்கம்.

நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘படல்’ எனக்குத் தோன்றவே இல்லை. அரணில் விடும் வழிக்குத் ‘திறப்பு’ என்று எழுதியிருப்பேன். இனி அது படல்தான். ‘முள் அடைத்தல்’ வினையாக நன்றாக நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘அடைப்பு’ என்ற பெயரைத் தனியாகப் பார்த்தால் இன்று சாக்கடையும் இதயக் குழாயும் முன்னே வந்து நிற்கின்றன. மேலும் புஞ்சை வேலி ஆடுமாட்டைத் தடுப்பது. இங்கே உயரம் குறைந்த முள்ளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கிறார்கள். அரண் என்ற சொல் இல்லாமல் அந்தப் பொருள் வராது. ‘இடு’வும் ‘முள்’ளும் ஏட்டுச்சொற்கள் அல்லவே, எந்தப் பிள்ளைக்கும் தெரிந்தவை.

நீங்கள் கேட்டதை யோசித்தபோது இரண்டு நிலைகளுக்கு இரண்டு பெயர் வைக்கலாம் என்று தோன்றியது. வெட்டிக் குவித்து, இன்னும் ஒழுங்குபடாமல் கிடப்பது வெறும் இடுமுள். சுற்றி வளைத்து முடித்தது இடுமுள் அரண். அப்போது அந்தப் பிற்பகலின் நெருக்கடி விதியிலேயே வந்துவிடும். மேசையில் முள்ளாக வைக்க, தேங்காய் நாரில் பசை தடவிச் செய்யும் துண்டுகளையும் அதற்கேற்ப இரண்டு வகையாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஐயாவுக்கு: பழைய ஆங்கில விதிநூல்கள் ஹதந்தோவாக்களின் தலைமுடியைக் கேலிசெய்யும் பட்டாளத்துப் பட்டப்பெயரையே படைப்பிரிவின் பெயராக எழுதுகின்றன. அதைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். ஹதந்தோவா என்ற அவர்கள் பெயரே போதும்.

விதியை இப்படி எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

“முள் இடும் அணி அந்தச் சுற்றில் நகரவோ சுடவோ கூடாது. முதற்சுற்றின் முடிவில் அதன் முன்னால் ஆறு அங்குல நீளத்துக்கு இடுமுள் வைக்கவும். இடையூறின்றி இரண்டாம் சுற்றும் முடிந்தால் அதை இடுமுள் அரணாக மாற்றவும். இடுமுள்ளைக் கடக்கும் அணி தன் நகர்வில் இரண்டு அங்குலம் இழக்கும். இடுமுள் அரணைக் கடக்கும் அணி பாதி நகர்வை இழக்கும். படல் வழியே நுழைந்தால் இழப்பு இல்லை. மிரண்ட ஒட்டகங்கள் இடுமுள்ளைத் தொட்டால், தொட்ட துண்டை மேசையிலிருந்து எடுத்துவிடவும்.”